கொழுந்துக் கூடையும் உன் அம்மாவின் பேச்சும்

சேசு மரி சூசை துணை

ஸ்டோன்ஹில் தோட்டம், மேல் டிவிசன்,
ஹட்டன்.
14.9.1965

அன்பு மகள் செபமாலைக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் அண்ணன் றோலண்டும் நல்ல சுகம், மழைக்குத்தான் சுகமில்லை, ஒரு வாரமாக விடாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நீயும் மடத்து சிஸ்டர்மாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. றோலண்ட் சத்தமாக வாசிக்க நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டோம். ஒக்டோபர் செபமாலை மாதத்தில் தையல் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் மாதாவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசும்படி பெரிய சிஸ்டர் கேட்டதும், நீ, தோட்டத்துப் பொண்ணு நான் வாயைத் திறந்தா சிரிப்பாங்க, என்னால முடியாதுங்க என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுததும் எல்லாம் கேட்டோம். உன் அம்மா கையில் இருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, ஞாயித்துக்கிழமை நடந்ததை ஒண்ணு விடாம எழுதச் சொல்லு உங்கப்பாவை, அவரு செஞ்சதையும் சேத்து எழுதணும் என்று றோலண்டிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், என்னிடம் சொல்லவில்லை பார். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன், அப்பாவுக்கு மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும்.

உயிர்த்த ஞாயிறு திருநாள் முடிந்த கையோடு என் தொண்டை கட்டிக்கொண்டதும், ஜூன் மாதத்தில் டவுன் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். பதினாலு வருசமாக இந்தத் தோட்டத்து உபதேசியார் நான். பங்குச் சுவாமி மாதத்தில் ஒரு நாள்தான் வருவார், மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லி வேதத்தை விளக்குவது நான்தானே. அப்படிப்பட்டவன் கையில் ஒரு சிலேட்டைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாதே, நான் உப்பு என்று எழுதினாலும் றோலண்ட் வந்து வாசித்துச் சொன்னால்தான் உப்பு வரும். வீடு இப்பத்தான் வீடா இருக்கு என்று அவள் பக்கத்து லயத்து வீட்டு அம்மாக்கண்ணுவிடம் சொல்லிச் சிரித்ததை நான் என் காதால் கேட்டேன். தொண்டைதானே கட்டியது, காதுக்கு ஒரு நோயும் வரவில்லையே!

ஜூன் கடைசியில் சுவாமி வந்தார். சூசைரட்ணம், உன் தொண்டை சரியாகும் வரைக்கும் மரியநாயகி பேசட்டுமே என்றார். நான் சிலேட்டில் பெரிதாக முடியாது என்று எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். அவ இப்பவும் பேசிக்கிட்டுத்தானே இருக்கா, மலையில கொழுந்து எடுக்கிறப்ப நிரையில நிக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் வேதக் கதை சொல்றது அவதானே, மாரியம்மன் கோயிலுக்குப் போற அம்மாக்கண்ணுகூட ஊதாரிப் பிள்ளை கதையைக் கரைச்சுக் குடிச்சு வச்சிருக்கு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தைந்து வருசமாக ஒரே கூரைக்குள் இருக்கிறேன், எனக்குத் தெரியாது! நான் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை, அவள் மலையில், யார் வந்து சொல்வார்கள்? சுவாமி சொன்னால் மறுக்கவா முடியும், நானே உட்கார்ந்து நல்ல செந்தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். றோலண்ட் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்து அவளும் பாடமாக்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. முந்தானை நுனியைப் பிடித்து விரலால் திரித்துக்கொண்டே நின்றுவிட்டு, ஆமென் என்று மட்டும் சொல்லிப் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து புகைதான் கண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்லி அழுதாள். மகளே, அன்றைக்கு நான் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன். என் இடம் எனக்கே இருக்கிறது என்ற சந்தோசம். ஆண்டவர் மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துக்கொள்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. ஜூலை நடுவில் ஒரு நாள் தொழிற்சாலையில் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. அவள் தேத்தண்ணிப் போத்தலை மறந்துவிட்டுப் போயிருந்தாள், கொடுக்கலாம் என்று பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினேன். கீழ் வளைவில் வரும்போதே அவள் குரல் கேட்டது. நோவாவின் பெட்டகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் தோட்டத்து மழையையே நோவாவுக்கும் பெய்ய விட்டிருந்தாள், தொரை பங்களா முழுகுது, வேலை மேற்பாக்குற கண்டாக்கையா ஏறிக்க மரம் தேடி ஓடுறாரு, பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கை இரண்டும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கூடைக்குள் எறிகிறது, வாய் அது பாட்டுக்கு ஓடுகிறது. அந்த நேரம் கொழுந்து நிறுவைக்குக் கூப்பிட்டார்கள், கை நின்றது. கதையும் பாதி வசனத்தில் நின்றது! மீதியைச் சொல்லுக்கா என்று ஒருத்தி கேட்டதற்கு, வரமாட்டேங்குதுடி என்றாள். நிறுத்து முடித்துத் திரும்ப நிரைக்குப் போய்க் கை செடியில் பட்டதும் விட்ட இடத்திலிருந்து கதை புறப்பட்டது. எனக்கு விளங்கிவிட்டது. கை சும்மா இருந்தால் உன் அம்மாவுக்கு வாய் வராது. கோயிலில் நடந்ததும் அதுதான். அவளுக்கு அது தெரியாது, தனக்குப் பேச்சே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் போத்தலை ஒரு செடிக்கடியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சிலேட்டில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது, எழுதவேயில்லை.

இதற்குள் சுவாமி ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். மாதா பிறந்தநாளை ஹட்டன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடும்போது, பூசைக்குப் பிறகு பந்தலில் ஐந்து தோட்டத்திலிருந்து ஐந்து பெண்கள் பேச வேண்டும், நன்றாக அமைந்தால் உபதேசியார் இல்லாத தோட்டங்களில் ஞாயிறு செபத்தைப் பெண்களே நடத்தலாம் என்று. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயத்தில் இரண்டு வருசமாக யாரும் ஒன்றுகூடிச் செபம் சொல்லவில்லை, அங்கே உன் அம்மாவை அனுப்புவதாக உத்தேசம். அவள், வேண்டாம் சாமி, நான் மறுபடியும் வாயடைச்சு நின்னா மத்தப் பொம்பளைங்களுக்கும் சேத்துக் கதவை அடைச்சிருவாங்க என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போனோம். பந்தலில் நடுவே கயிறு கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வருசா வருசம் செய்கிற மாதிரி நம் தோட்டத்துக் காணிக்கையாக ஒரு கூடைப் பச்சைக் கொழுந்தை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருந்தோம். முதல் இரண்டு பெண்களும் தாளைப் பார்த்து நன்றாகவே பேசினார்கள். மூன்றாவது உன் அம்மா. எழுந்து போய் நின்றாள். ஐயோ, அதே கதைதான்! முந்தானை நுனி, விரல், சத்தமே இல்லை. என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த ஒருவன், உபதேசியாரு பொஞ்சாதியாம்டா, அவருக்கும் குரல் இல்ல இதுக்கும் இல்ல என்று சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். சுவாமி முகம் வாடிப்போனது. அடுத்துப் பேச வேண்டிய இரண்டு பெண்களும் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் மறுபடியும் ஆமென் சொல்லி உட்கார்ந்தால் அதற்குக் காரணம் அவள் இல்லை, நான்தான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கயிற்றைத் தூக்கிக் குனிந்து பெண்கள் பக்கம் நுழைந்து, மாதா காலடியில் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் ஒரு வாங்கில் வைத்தேன். பேச முடியாதே, விரலால் கிள்ளிக் காட்டினேன். இந்த மனுசனுக்குப் பைத்தியமா என்று என்னைப் பார்த்தாள். பிறகு கை தானாகக் கூடைக்குள் போனது.

அப்புறம் கேள்! நிறுவைக்கு முன்னால் முத்தலும் காம்பும் பொறுக்கி எறிகிற பழக்கம் இருக்கிறதே, மாதா காணிக்கை என்றுகூட நினைக்காமல் பொறுக்கி எறிய ஆரம்பித்துவிட்டாள், ஒரு முத்தல் இலை சுவாமியின் கால் சப்பாத்து மேலேயே விழுந்தது. பேச்சும் வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த செந்தமிழ் இல்லை, அவளுடைய பேச்சு. கானாவூர்க் கல்யாணத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு கல்யாண வீட்டுல சீனி தீந்துபோனா யாருக்கு முதல்ல தெரியும், பந்தல்ல வெத்திலை போடுற ஆம்பளைக்கா தெரியும், அடுப்படியில நிக்கிறவளுக்குத்தான் தெரியும், அங்கேயும் திராட்சை ரசம் தீந்துபோச்சுன்னு முதல்ல பாத்தது நம்ம மாதாதான், பொம்பளை எதுக்குப் பேசணும்னு அவுங்க அன்னைக்கு மகன்கிட்ட சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கல்யாணம் சந்தி சிரிச்சிருக்கும் என்றாள். பெண்கள் பக்கம் அப்படியே அதிர்ந்தது, எல்லாரும் சிரிப்பு, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டாளா? மாதா சொன்னது மட்டும் போதாது, எதுக்குன்னு தெரியாமலே தண்ணி சுமந்து கொண்டாந்து ஊத்துன வேலைக்காரங்க பேரு வேதத்துல இல்ல, ஆண்டவரு ரசமாக்குனது அந்தத் தண்ணியத்தான், அவுங்க தூக்காட்டி ரசமும் இல்ல என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பெண்கள் பக்கத்திலேயே அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த இரண்டு பெண்களும் துணிந்து பேசினார்கள். கடைசியில் சுவாமி சப்பாத்திலிருந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, காணிக்கை இப்பத்தான் சுத்தமா இருக்கு என்று சொல்லி, வருகிற ஞாயிறே நோட்டன் பிரிட்ஜ் லயத்தில் மரியநாயகி செபத்தைத் தொடங்குவாள் என்று எல்லாருக்கும் அறிவித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம், றோலண்ட் முன்னால் தொங்கிக்கொண்டு நின்றான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜூலையிலேயே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று சிலேட்டில் எழுதினேன். எழுதி என்ன செய்ய, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாலு நாள் பாக்கி. பாக்கி இருந்தால் இருக்கட்டும் என்று வாயைத் திறந்து, மன்னிச்சுக்க மரியா, மலையிலயே எனக்கு விளங்கிருச்சு, சொல்லாம விட்டுட்டேன் என்றேன். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கோபிப்பாள் என்று பார்த்தேன். அன்னைக்குச் செடிக்கு மேல உங்க தலைப்பா தெரிஞ்சுச்சு, கேட்டுக்கிட்டு நிக்கிறீங்கன்னுதான் நோவாவை அவ்வளவு நீட்டினேன், நல்லா இருந்துச்சுன்னு றோலண்டுகிட்டயாச்சும் எழுதிக் காட்டுவீங்கன்னு ரெண்டு மாசம் பாத்தேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் நல்லா இருந்துச்சு மரியா, ரொம்ப நல்லா இருந்துச்சு என்றேன். மூன்று மாதம் சேர்த்து வைத்த குரலை இதற்குச் செலவழித்ததில் எனக்குச் சந்தோசம்தான்.

மற்றபடி நம் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. றோலண்டுக்குக் கந்தப்பளையில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம், நீ வந்து பார்த்த பிறகுதான் முடிவு. உன் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாய், கொழும்பில் தேவைப்படாது என்றாலும் வரும்போது கோச்சி ரயிலில் குளிருமே என்று அம்மா புலம்புகிறாள். என் குரலும் மெல்ல வருகிறது. நீ எப்ப மறுபடி பேசப்போற என்று சுவாமி கேட்டார். ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு அவள், அவள் நோட்டன் பிரிட்ஜ் போகிற அன்றைக்குக் கூடை தூக்க நான் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ பெரிய சிஸ்டரிடம் போய், பேசுகிறேன் என்று சொல்லு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், உன் அம்மாவைப் பார்த்தும் சிரித்தார்கள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. நீ பேசும் நாளையும் மணியையும் தவறாமல் எழுது, அந்த நேரம் நாங்கள் இங்கே முழங்காலில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் பேச்சையும் கேட்கக் காத்திருக்கும் அப்பா,
சூ. சூசைரட்ணம்

பி.கு: இத்துடன் ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறேன். நோட்டன் பிரிட்ஜ் லயத்துப் பீடத்துக்கு விரிக்க அம்மா வாங்கியது, ஓரம் தைக்கவில்லை. அவள் சொல்லச் சொன்னது இது: எழுதி வச்சுப் படிக்காத கண்ணு, இதைக் கையில வச்சுக்கிட்டு நில்லு, நாலு பக்கமும் மடிச்சுத் தைச்சு முடியிற வரைக்கும் பேசு, பொறவு எங்களுக்கு அனுப்பி வை.