போர்வைக்குள் கேட்ட குரல்

என் கண்ணு சிஹோவுக்கு,

குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தது நீதான் என்று எனக்கு அப்போதே தெரியும். போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். "எங்கம்மா மூணு நாளா எழுந்திரிக்கல, யாராவது வந்து பாருங்க" என்று கெஞ்சினாய். நீயும் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லவே இல்லை. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இன்று அந்த அலுவலகத்து அதிகாரி இகுசா சான் வந்திருந்தார். என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

"எங்க குழந்தைகள் விடுதிக்கு வந்தப்புறம் சிஹோ எடை கூடியிருக்கா, சிரிக்கிறா. நாரா நகரத்துல ஒரு நல்ல குடும்பம் அவளை வளர்க்கத் தயாரா இருக்காங்க. நீங்க தேறினதும் உங்ககிட்டயே வந்துடுவா" என்றார்.

"நான் தேறலைன்னா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னை அந்தக் குடும்பத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னால் உனக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

விடுதியில் தினமும் பாதிச் சோற்றுருண்டையைக் கைக்குட்டையில் சுற்றி எனக்காக எடுத்துவைக்கிறாயாம். புது வீட்டில் அப்படிச் செய்யாதே. முழுவதையும் நீயே சாப்பிடு.

உன் அம்மா