மொச்சை அவித்த தண்ணீர்

ஐப்பசி 2, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். ஜாவா மொச்சை பறித்தேன். மழை பிடித்தால் நெற்று கொடியிலேயே முளைத்துவிடும். ரப்பர் விலை விழுந்த பிறகு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் விட்டிருக்கிறார் தோட்டத்துத் துரை. எங்கள் துண்டில் இது முதல் பறிப்பு. நெற்று அரைக் கூடை. உரித்ததில் வெள்ளைக் கொட்டை கொஞ்சம், கருஞ்சிவப்பு நிறைய. நம் மொச்சையைவிடப் பெரியது, தட்டை. நகக்கண் எரிகிறது.

விதை கொடுத்தது பக்கத்துக் கிராமத்து ஜாவாக்காரம்மா, வாக் சுமி. இன்றும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். மூன்று தடவை அவிக்க வேண்டும், மூன்று தடவையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கருஞ்சிவப்புக் கொட்டை என்றால் கட்டாயம். “ஜங்ஙான் லூப்பா, யா?” மறக்காதே என்கிறார். தலையாட்டினேன்.

விளக்கைத் தணித்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் மண்ணெண்ணெய்க்கு ஒரு அடி, எழுதியதற்கு ஒரு அடி.

ஐப்பசி 4, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று அம்மா புல்வெட்டு வேலையிலிருந்து வர நேரமானது. நான்தான் சமைத்தேன். மூன்று தடவை அவித்தேன். இரண்டாவது, மூன்றாவது தண்ணீரைக் கொட்டினேன். முதல் தண்ணீரைக் கொட்டக் கை வரவில்லை. பயறோ மொச்சையோ, அவித்த தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் ரசம். “சத்தெல்லாம் அதுலதாண்டி இருக்கு, கொட்டிப்புடாத” என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். புளி கரைத்து ரசம் வைத்தேன். லேசாகக் கசந்தது. ஒரு துண்டு வெல்லம் போட்டேன்.

அப்பாவும் அம்மாவும் குழம்போடு முடித்துக்கொண்டார்கள். நான் ரசம் ஒரு வாய். தங்கச்சி பொன்னிக்கு மூன்று வயது, ரசச் சோறுதான் இறங்கும். இரண்டு கிண்ணம்.

பிறகு பொன்னிக்கு வாந்தி. தலை நிற்கவில்லை. நாய்க்குட்டி மாதிரி மூச்சு. அப்பா தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னால் அம்மாவும் நானும். ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த முதல் தண்ணீர்தான்.

மருந்து கொடுக்கும் டிரஸர் கேட்டார்: “புள்ளைக்கு என்னம்மா குடுத்தீங்க?”

“மொச்சைதாங்கய்யா. மூணு தண்ணி கொட்டி அவிச்சது.” அம்மா சொன்னாள். அவளிடம் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

டிரஸர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஐப்பசி 5, புதன்

மழை. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பொன்னி இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது.

குழாயடியில் பக்கத்து வீட்டு மருதாயி அத்தை: “அந்த ஜாவாக்காரி சும்மாவா வெதை குடுத்தா? தண்ணி கொட்டி அவிச்சும் புள்ள சுருண்டுருச்சே. சூனியந்தான்.”

“ஓசின்னதும் நீயுந்தான் வாங்கி நட்ட!” என்றாள் இன்னொருத்தி.

“நட்டேன். தின்னேனா?”

சிரித்தார்கள். குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா வாசலில் பாராங் கத்தி தீட்டுகிறார். நாளை வேலை முடிந்ததும் ஐந்து பேர் போகிறார்களாம். முதலில் வாக் சுமியின் கொடி, பிறகு குடிசை. அதற்குப் பிறகு என்ன என்று அப்பா சொல்லவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் வாயைப் பொத்தினாள். கையில் கரி வாசம்.

“வாயத் தொறக்காத. தண்ணியக் கொட்டாதன்னு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்பாரு. என்னையத்தான் வெட்டுவாரு.”

“வாக் சுமி பாவம்மா.”

“அவ வேற எடம் பாத்துப் போயிருவா. நாம எங்கடி போறது?”

ஐப்பசி 6, வியாழன்

மழை விட்டுவிட்டது. மழை பெய்தால் போக மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் கிளம்பும் நேரம் வாக் சுமியே லயத்துக்கு வந்துவிட்டார். பொன்னிக்கு என்று இரண்டு இளநீர். அப்பா கையில் இருந்த கத்தியைப் பார்த்து, புல் வெட்டவா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தண்ணீரைக் கொட்டினாய்தானே என்றார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் நின்றது.

“மொதத் தண்ணியக் கொட்டலப்பா. நாந்தான் அதுல ரசம் வச்சேன். இவங்க கொட்டச் சொன்னாங்க.”

அம்மா பேரைச் சொல்லவில்லை.

அப்பா கொல்லைக்குப் போய் எங்கள் கொடி முழுவதையும் அடியோடு வெட்டினார். திரும்பி வந்து இளநீரை வாங்கிக்கொண்டார். வாக் சுமி போய்விட்டார். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சாயங்காலம் பொன்னி தண்ணீர் கேட்டாளாம். கால் இன்னும் ஊன்றவில்லையாம்.

அப்பா கங்காணியைப் பார்த்துவிட்டு வந்தார். “படிச்சுக் கிழிச்சது போதும். நாளைக்கு இவளும் ரப்பர் சீவப் பால்காட்டுக்கு வரட்டும்.”

அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து எனக்குத் தலைத்துண்டு தைத்தாள். தைத்து என் பாயில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். கட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது.