தங்கவைக்கப்பட்டவர்

மார்ச் 4, 2025

ஈப்போவில் திறக்கப்போகும் காட்சிக்கூடத்திலிருந்து மொழிபெயர்ப்பு வேலை வந்திருக்கிறது. மலாயாவில் 1948இல் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரநிலை பற்றிய விளக்கப் பலகைகள். மலாயும் ஆங்கிலமும் தயார். தமிழ் நான் எழுத வேண்டும். ஒரு பலகை தடுப்புமுகாமைப் பற்றியது. அதில் ‘கைதி’ என்ற சொல்லே இல்லை. ‘தங்கியிருந்தோர்’, ‘விடுதிகள்’, ‘இலவச உணவும் உறைவிடமும்’. விசாரணை இல்லாமல் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் ‘பாதுகாப்புக்காகத் தங்கவைக்கப்பட்டனர்’. படிக்கப் படிக்க எனக்கே, நல்லதுதானே செய்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

மார்ச் 5

அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. அவருடைய அண்ணன், சன்னாசி பெரியப்பா, அந்த முகாமில்தான் இருந்தார். ரப்பர் தோட்டத்தில் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார் என்று பிடித்துப்போனார்கள். அப்பா அப்போது சின்னப் பையன்.

“தங்கவச்சாங்களா? தங்குறவன் கெளம்புறேன்னா விட்ருவாங்கல்ல? எங்கண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘ஆத்தாவ அழ வேணாம்னு சொல்லுடா’ன்னுச்சு. ஆத்தா எம் பக்கத்துலதான் நின்னுச்சு. ஆத்தா மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல லா அண்ணனுக்கு.”

காய்ச்சலில் செத்துப்போனதாகப் பிறகு சொல்லியனுப்பினார்களாம். உடலைக் கொடுக்கவில்லை.

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 6

வேலை ஓடவில்லை.

மார்ச் 11

‘அடைத்துவைக்கப்பட்டனர்’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். காட்சிக்கூடப் பொறுப்பாளர் தர்மேந்திரன் கூப்பிட்டு அனுப்பினார்.

“அக்கா, ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க. அடைச்சாங்கன்னு போட்டா, ஏன் அடைச்சாங்கன்னு கேப்பாங்க லா.”

“கேக்கட்டுமே தம்பி.”

சிரித்தார். “சரி, தமிழ்ல எப்படி வேணும்னாலும் போட்டுக்குங்க. யாரு படிக்கப்போறா? மலாயும் இங்கிலீஷும் மாத்த முடியாது. மேல ஓகே பண்ணிட்டாங்க.”

படியிறங்கி வந்தேன். யாரு படிக்கப்போறா — எங்கப்பா படிப்பாரு. தமிழ் மட்டும்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். வேணாம்னு விட்டுட்டு வந்திரலாமா? வந்துட்டா இந்த ஒரு வரியும் போயிரும். என்னதான் செய்யறது?

ஏப்ரல் 2

தமிழில் மட்டும் அந்த வரி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

மே 18

திறப்பு விழா. அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனேன். முகாம் பலகையின் முன்னால் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தார். ‘விசாரணையின்றி அடைத்துவைக்கப்பட்டனர். சிலர் உள்ளேயே இறந்தனர்.’ கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தார்.

பக்கத்தில் ஆங்கிலப் பலகையைப் படித்த மாணவிகள், “ஹாஸ்டல் மாதிரி போல” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை.

“மலாய்லயும் இதேதான போட்டிருக்காங்க?”

“ஆமாப்பா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிரும்” என்றார்.