எந்தச் சேனலிலும் வராதவள்

புதுப்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹெலனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் மகள் சிநேகாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகம் என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குக் கேள்வி. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேப்பரில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் அடித்தால் முதலில் எடுப்பது சிநேகா, பிறகு உன் அம்மா, கடைசியில்தான் நான், அதுவும் ஸ்பீக்கரில். இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேர் காதிலும் விழக் கூடாது. பக்கத்து வீட்டுக் கல்யாணியின் வீட்டுக்காரர் செல்வராஜ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் இருக்கிறது. கவர் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. செல்வராஜ் நல்லவர்தான், ஆனாலும் பார்த்து வாங்கு.

உன் அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள் என்றால் வாசனை பிடிக்கவில்லை என்கிறாள். எனக்கு மாமல்லபுரம் ரோட்டில் அதே ரிசார்ட், அதே கேட், வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற அதே செக்யூரிட்டி வேலை. பாட்டிலை ஒளித்து எடுத்து வருகிறவன்தான் முதல் ஆளாகக் குட்மார்னிங் சொல்வான், அதனால் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் என் கண் அவர்கள் பை மேல்தான் போகிறது. எனக்குச் சந்தேகப் பிராணி என்று பேர் வைத்தவள் நீ. வைத்துக்கொள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

சிநேகா ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். எல்லாம் சூப்பர் ஹீரோ கார்ட்டூன். என் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சோபாவிலிருந்து குதிக்கிறாள், அது பரவாயில்லை, சோபா பழசு. எனக்கு அந்தக் கதைகள் மேல்தான் நம்பிக்கை இல்லை. அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். அத்தனை வீரர்களும் ஊரை எல்லாம் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பெற்றவர்களிடம் பொய் சொல்கிறார்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் லைப்ரரிக்கு என்கிறார்கள். அடிபட்டால் சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். முகமூடி போட்டு வருகிற ஒருத்தனையும் நான் என் கேட்டுக்குள் விட மாட்டேன், இந்த டி.வி. நடு வீட்டுக்குள்ளேயே விடுகிறது. நீயும் இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தாய் ஹெலன். மதில் மேலிருந்து பறக்கிறேன் என்று குதித்துவிட்டு, வீங்கின கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டாய். ஏன்டி சொல்லவில்லை என்று உன் அம்மா அழுதபோது, ஹீரோவுக்கு வலிக்காதும்மா என்றாய். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அவள் டி.வி.யைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சிநேகா திடீரென்று எனக்கு மொட்டை அடித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தாள். உன் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் யார் மொட்டை அடித்திருக்கிறார்கள், பாஸ்டர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று ஒரே புலம்பல். கல்யாணி தன் மகன் விஷாலுக்குத் திருப்போரூரில் மொட்டை போட்டுக் கூட்டி வந்ததும் அப்போதுதான். அவள்தான் பிள்ளை மனசில் எதையோ போட்டுவிட்டாள் என்று உன் அம்மா நேரே போய்க் கேட்டேவிட்டாள். கல்யாணி, அய்ய, நான் இன்னாத்துக்குக்கா உம் பேத்திக்கு மொட்ட அடிக்கச் சொல்லப் போறேன், அது எந்நேரமும் டி.வி.ய பாத்துக்கினு கீது, அதுல இன்னா வருதுன்னு போயி பாரு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கும் டி.வி. மேல்தான் சந்தேகம். சிநேகாவைக் கேட்டேன். எங்க ஹீரோ கீறாளே, அவளுக்கு முடி கெடையாது தாத்தா, அதான் எனுக்கும் வோணாம் என்றாள். சரி, எந்த ஹீரோ என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று லீவு போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சேனலாகத் தேடினேன். பச்சை முடி இருக்கிறது, நீல முடி இருக்கிறது, தீப்பிடித்து எரிகிற முடிகூட இருக்கிறது, மொட்டைத் தலையோடு ஒருத்தியும் இல்லை. எந்தச் சேனல்லடி வர்றா என்று கேட்டால், அவ டி.வி.ல வரமாட்டா தாத்தா, யாருன்னு சொன்னா அவ பவரு பூடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால் உதடு மட்டும்தான் அசைகிறது. சத்தமா ஜெபம் பண்ணு என்று உன் அம்மா அதட்டினால், இயேசப்பாவுக்குக் கேக்கும் ஆயா, உனுக்குக் கேக்க வோணாம் என்கிறாள். யாரோ பிள்ளையிடம் எதையோ சொல்லி, வெளியே சொல்லாதே என்று மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. காலம் கெட்டுக் கிடக்கிறது. ஸ்கூல் வேன் டிரைவரை முறைத்துப் பார்த்தேன். டியூஷன் மிஸ் வீட்டு வாசலில் போய்ச் சும்மா நின்றேன். அந்த மிஸ் வெயிலில் நிற்கிறாரே என்று எனக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் சந்தேகம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். கொஞ்ச நாளாகவே உன் தலையில் துணி, கேட்டால் ஏ.சி. குளிர் என்கிறாய். மாப்பிள்ளை பெஞ்சமின் கேட்ட கேள்விக்கே பாதிப் பதில் சொல்கிறவர், அன்றைக்கு அங்கே மழையா, வஞ்சிரம் கிடைக்கிறதா என்று வாய் மூடாமல் பேசினார். நீ வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரி என்பதால் பின்னால் கட்டில் தெரிந்தாலும் நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு சிநேகா அம்மாவோடு தனியாகப் பேச வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் காய்ந்த துணிகளை எடுக்க நானும் ஏறினேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, துணிய எடும்மா, இன்னிக்காவது மொளச்சிக்கீதா பாக்கலாம் என்றாள். நீ எடுத்தாய். அவள் தோளுக்கு மேலே உன் தலை எனக்கும் தெரிந்தது. அவள் கண்ணைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இன்னும் இல்ல, அடுத்த வாரம் மொளைக்கும், நான் யாருகிட்டயும் சொல்லல என்றாள். நான் துணியை எடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன். எல்லாம் நனைந்து உன் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். கேட்டில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன், பிடித்துவிட்டு அழுதது அன்றைக்குத்தான்.

எந்த வியாதிக்கான மருந்தில் முடி கொட்டும் என்று எனக்கும் தெரியும். அதன் பேரை எழுதக் கை வரவில்லை. வயதான காலத்தில் எங்களுக்கு எதற்குக் கவலை என்று மறைத்திருப்பாய். அது புரிகிறது, ஆனால் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பவர் போய்விடும் என்று கார்ட்டூன் பாஷையில் ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தது நீதானே. அது சும்மா சொன்னது என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தான் வாய் தவறினால் அம்மாவுக்கு முடி முளைக்காது என்று நம்பிக்கொண்டு அந்தப் பிள்ளை ஜெபத்தில்கூட வாய் திறப்பதில்லை. நானும் உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலத்தில் நானும் சிநேகாவும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே சோபாவில் டி.வி. பார்க்கிறோம். எனக்கே இது தாங்கவில்லை, அவள் எப்படித் தாங்குகிறாளோ தெரியவில்லை.

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எனக்குத் தெரியப்படுத்து. வர முடிந்தால் வந்துவிடு, வைத்தியம் சென்னையிலும் இருக்கிறது, கூட்டிக்கொண்டு அலைய நான் இருக்கிறேன். வர முடியாது என்றால் நான் வருகிறேன், பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை என்னிடம் நடிக்க வேண்டாம் என்று சொல், உன்னை அவர் தனி ஆளாகப் பார்த்துக்கொள்வதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் கஞ்சியாவது குடி. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்து உன்னை எழுப்பி நிறுத்துவார், அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஒன்று செய். தாத்தாவிடம் சொல்லலாம், பவர் போகாது என்று சிநேகாவிடம் உன் வாயால் சொல். அவள் ஓடி வந்து சொல்லும்போது, நான் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ஞானதாஸ்