கார் சாவி என் பையில்

மெர்வ்,

கார் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. நேற்று காரில் நம் கேரவன் வீட்டை இழுத்து வரும்போது உனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததாமே? பக்கத்துக் கேரவன் நோயல் இப்போதுதான் சொன்னான். "லோர்னாகிட்ட மூச்சு விட்றாதடா, அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே விடமாட்டா"ன்னு சிரித்தாயாம். பக்கத்து சீட்டில் உன்னை நம்பித்தானே தூங்கினேன், பாவி!

இங்கே போனில் சிக்னல் இல்லை. நோயலின் காரில் போர்ட் அகஸ்டா டவுனுக்குப் போய், உனக்காக டாக்டரிடம் நேரம் கேட்டு வருகிறேன். ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறி இருக்கிறது, சூடு பண்ணிக் கொட்டிக்கொள். நோயல் மனைவி ஜாய்ஸ் உனக்குத் துணையாக வந்து உட்காருவாள். அவளிடம் வாயடிக்காதே.

லோர்னா

பி.கு.: நீ தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். என்னை அப்படிப் பார்க்க வைத்தாயே, அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.