இருபத்தெட்டு சைஸ் கவுன்

20-1-97

மதுக்கரை சைமனிடமிருந்து கடுதாசி. மகன் சென்னகிருஷ்ணன் சத்தமாகப் படித்தான். "ஆறு கவுனுக்கு போஸ்ட்மேனிடம் பணம் கட்டி வாங்கிப் பிரித்தால் அஞ்சுதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் துணியிலுமா திருட்டு? உங்கள் விளம்பரம் போடுகிற பத்திரிகைக்கே எழுதப் போகிறேன்."

இப்படி வருவதில் இது நாலாவது கடுதாசி. பத்திரிகையில் விளம்பரம் நின்றால் ஊட்டில் ஓடுகிற நாலு தையல் மிசினும் நின்றது மாதிரிதான். முகம் தெரியாதவர்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள், நாங்கள் வி.பி.பி.யில் அனுப்புகிறோம். பிரித்துப் பார்க்கும் முன்னே பணம் கட்டுகிறார்கள். நம்பித்தானே?

அந்தப் பார்சலைக் காடாத் துணியில் வைத்துத் தைத்தவன் நான். முப்பத்தொரு வருசம் மில்லில் பஞ்சுப் பொதி தைத்த கை. உள்ளே வைத்தது மஞ்சள் ரெண்டு, ரோஸ் மூணு, நீலம் ஒண்ணு. ஆறு. எழுத்துத்தான் எனக்குப் புதுசு, அறிவொளி வகுப்பில் கிருபாவதி டீச்சர் புண்ணியத்தில் நாலு வருசமாகத் தெரியும். எண்ணிக்கை பிறந்ததிலிருந்து தெரியும்.

21-1-97

இங்கிருந்து போகும்போது ஆறு. அங்கே சேரும்போது அஞ்சு. நடுவில் யாரு?

பஷீர். சைக்கிளில் பார்சலைக் கட்டி போஸ்டாபீசுக்குக் கொண்டு போவது அவன். அங்கே அரக்கு உருக்கி முத்திரை வைப்பதும் அவன். முத்திரைக்கு முன்னால் பிரித்து மறுபடி தைத்தால் யார் கண்டது?

ஆறு வருசமாக வருகிறான். எப்பவும் சிரிச்ச முகம். அம்பத்தெட்டாம் வருசம் மில்லில் ஸ்டோர் சாவி காணாமல் போனபோது எல்லாருக்கும் முன்னால் நின்று சிரிச்சுக்கிட்டே தேடினவன்தான் எடுத்திருந்தான். எனக்கு மறக்கவில்லை.

24-1-97

பஷீர் பின்னாலேயே போஸ்டாபீசுக்கு நடந்தேன். டீக்கடையில் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"ஏனுங்கய்யா, பார்சலுக்குக் காவலுங்களா, எனக்குங்களா?"

"காலாற நடக்கறேன்டா."

"அப்ப சைக்கிளைத் தள்ளிட்டு வாங்க, நான் காலாற வாரேன்."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பார்சல் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

26-1-97

காலையில் ஊசி கோக்கும்போது பிடிபட்டது!

போன மாசியில் பொள்ளாச்சிப் பார்சல்: காணாமல் போனது 26 சைஸ். ஆவணியில் ஈரோடு: 26. தீபாவளிக்கு முன்னே கரூர்: 28. இப்போ மதுக்கரை: நீலம், 28. விற்கிறதுக்கு எடுப்பவன் சைஸ் பார்ப்பானா? எடுத்தவன் ஊட்டில் ஒரு பொட்டப்புள்ள வளருது.

பஷீருக்கு மக இருக்குது. மெஹராஜ்.

27-1-97

மகனிடம் சொல்லிவிட்டேன். பஷீரை நிறுத்தியாச்சு. அவன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. தையல் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், "சரிங்க" என்றான், போனான். குத்தமில்லாதவன் இப்படிப் போவானா?

ரங்கநாயகிதான் குதித்தாள். "நைனா, அவன் எடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்?"

இவள் என் மகள். காரமடையில் கட்டிக்கொடுத்து, அடி தாங்காமல் மூணு வருசத்துக்கு முன்னே வந்துவிட்டாள். புள்ளையை அவர்கள் விடவில்லை. அந்த ஊட்டுக்கு இங்கிருந்து ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிப்போட்டேன். யாருக்கும் இரங்குகிற மனசு இவளுக்கு. அதான் பஷீருக்கும் பேசுகிறாள்.

3-2-97

பஷீர் ஊட்டுப் பக்கம் போனேன். சாட்சி கண்ணால் கிடைக்கட்டும் என்று.

மெஹராஜ் குழாயடியில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவைவிட உசரம். 34-க்குக் குறையாது. 28 சைஸில் அவள் கைகூட நுழையாது.

"தாத்தா, அப்பா வேலை தேடிப் போயிருக்காங்க. உக்காருங்க" என்றாள்.

உட்காரவில்லை. அப்போ வேற யாருக்கோ எடுத்துக் கொடுக்கிறானா? யாருக்கு?

9-2-97

சைமனே பஸ் ஏறி வந்துவிட்டார். காடா உறையைப் பெஞ்சில் போட்டார். "ஒரு பக்கந்தாங்க நான் அறுத்தேன். மீதி மூணு பக்கத் தையலும் அப்படியே இருக்குது. நீங்களே பாருங்க."

பார்த்தேன். ரெண்டு பக்கம் என் தையல். நூல் வலது பக்கம் சாயும். மூணாவது பக்கம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அது இடது கைத் தையல்.

பஷீருக்கு வலது கை. பீடி பத்த வைப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்.

நான் தைத்த பார்சல் ராத்திரி எங்கே கிடக்கும்? தையல் ரூமில். அங்கே படுப்பது யாரு?

ஆறு வயசில் என் மக இடது கையால் சோறு எடுத்தாள் என்று கையைத் துண்டால் கட்டி வைத்தேன். ரெண்டு மாசம். இன்றைக்கு வரைக்கும் யார் முன்னாலும் வலது கைதான். யாரும் இல்லாதபோது?

சைமனிடம் ஒரு நீலக் கவுன் கொடுத்து, பத்திரிகைக்கு மட்டும் எழுத வேண்டாமுங்க என்று கும்பிட்டேன். பார்க்கலாமுங்க என்று சொல்லிப் போனார். உறையை என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

10-2-97

ரங்கநாயகி சோறு போட்டாள். வலது கையால்.

22-2-97

காரமடைத் தேர். யாரிடமும் சொல்லாமல் போனேன். சாமியைப் பார்க்கப் போனேன் என்று எழுதினால் பொய்.

கூட்டத்தில் அத்தைகாரி கையைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி தேஜஸ்ரீ நின்றாள். நீலக் கவுன். தோளில் அவ்வளவு சரியாக உட்கார்ந்திருந்தது. மூணு வருசமாகப் புள்ளையைத் தொடாதவள் எப்படி அளவு எடுத்தாள்? மனசிலேயே வளர்த்தாளா?

பக்கத்தில் போய் நின்றேன். புள்ள என்னைப் பார்த்தது. யாரோ என்று நினைத்து நகர்ந்து வழி விட்டது.

24-2-97

பஷீர் மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறான். போய்ப் பிடித்தேன்.

"காரமடைக்குக் கவுன் கொண்டு போனது நீதானே?"

"ஆமாங்க. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாகிட்டக் குடுப்பேன். அவங்க குடுத்த மாதிரி புள்ளைக்குக் குடுப்பாங்க. மிச்சத் துணியில தைச்சதுன்னு அம்மணி சொன்னாங்க. நீங்க என்னை நிறுத்தின அன்னிக்குத்தானுங்க எனக்கே விளங்குச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"யாருகிட்டங்க சொல்றது? நூலுகூடப் போகக் கூடாதுன்னவர் நீங்கதானுங்களே."

மூட்டையைத் தோளில் ஏத்திக்கொண்டு போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். ஒருத்தன் தள்ளிப் போங்க பெருசு என்று கத்தினான்.

25-2-97

மகனிடம் போனேன். "பஷீரைக் கூப்பிடுடா. அவன் எடுக்கலை."

"அப்புறம் யாரு?"

ரங்கநாயகி மிசினை நிறுத்திவிட்டாள். சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

"நாந்தான்" என்றேன். "எண்ணிக்கை தப்பிப்போச்சு. அஞ்சை வெச்சு ஆறுன்னு தைச்சுப்போட்டேன். இப்பெல்லாம் நெனப்பு நிக்கறதில்லை."

நம்பமாட்டான், நாலு கேள்வி கேட்பான் என்று பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம் நைனா. வயசாயிருச்சில்ல."

நாலு பார்சலிலும் இருந்த கவுன்களின் நிறத்தை வரிசையாக ஒப்பித்திருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டேன். கோணி ஊசியை என்னிடமிருந்து வாங்கி ரங்கநாயகியிடம் கொடுத்தான்.

28-2-97

பஷீர் வந்துவிட்டான். "ஏனுங்கய்யா, இன்னைக்குக் காவல் இல்லீங்களா?" சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் ஆகும்.

9-3-97

இந்த மாசப் பத்திரிகை வந்தது. விளம்பரம் இருக்கிறது. சைமன் எழுதவில்லை.

பென்சன் பணத்தில் நீலத் துணி ரெண்டு மீட்டர் எடுத்து ரங்கநாயகி மிசின் மேல் வைத்தேன். அவள் சேலம் பார்சல் தைத்துக்கொண்டிருந்தாள். ரூமில் நான் இருந்தும் ஊசி இடது கையில் இருந்தது. நல்ல தையல், என்னைவிட நெருக்கம்.

"எதுக்குங்க நைனா இது?"

"முப்பது சைஸ் வெட்டு கண்ணு. தீபாவளிக்குள்ள புள்ள வளந்துரும்."

கை நின்றது. அப்புறம் ஓடியது.