அரை பீட் தாமதம்

போன வாரம் உன் தம்பி கிள்ளானிலிருந்து சுபாங் ஜெயா வரைக்கும் வந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். "அக்காவோட சாமான். ஒங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க," என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் போன பிறகு பெட்டியைத் திறந்தால் நீ மேடையில் வாசித்த பழைய கன்ட்ரோலர். கூடவே தைல வாசனை. விரல் மரத்துப்போகும்போதெல்லாம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அதே விரலால் பொத்தானை அழுத்துவாய். எலக்ட்ரானிக் சாமானில் எண்ணெய் படலாமா என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். மூன்று பெரிய பொத்தான்களின் மேலும் நீ ஒட்டிய வெள்ளை டேப் அப்படியே இருக்கிறது. ஏத்து, பிடி, விடு.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நீ கடைசியாக வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, உன் கன்ட்ரோலரை நான் துண்டித்திருந்தேன். அன்று நீ அழுத்திய எதுவும் ஸ்பீக்கருக்குப் போகவில்லை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, இப்போதுதான் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

இந்தக் கூத்தெல்லாம் தொடங்கியதே உன்னால்தான். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். நீ கல்யாண மண்டபம், இருபத்தோராவது பிறந்தநாள் என்று கிள்ளான் முழுக்க ஸ்பீக்கரோடு அலைந்தாய். "பாட்டு போடற அக்கா" என்று யாராவது சொன்னால் உனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "போடல, வாசிக்கிறேன்," என்பாய். ஒருநாள் கடையில் தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டே, "ஒரே பாட்ட எத்தன கல்யாணத்துலடி வாசிக்கிறது? ஆடறவங்களே பாட்ட உண்டாக்குனா எப்படி இருக்கும்?" என்றாய். நீ சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாய். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் போதும், அந்தக் கைப்பேசி எவ்வளவு குலுங்குகிறது என்று புரோகிராமுக்குத் தெரிந்துவிடும். கூட்டம் எப்படிக் குதிக்கிறதோ அதற்கேற்ப அது டிரம், பேஸ், மெட்டு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டும். இன்று வந்த பாட்டு நாளைக்கு வராது. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "கூட்டத்த எப்ப காக்க வைக்கணும், எப்ப விடணும்னு ஒன் கம்ப்யூட்டருக்கு என்னடி தெரியும்? அது மட்டும் என் கையில இருக்கட்டும்," என்றாய். அப்படித்தான் வேகத்தை ஏற்ற, பிடித்து நிறுத்த, விட என்று அந்த மூன்று பொத்தான்களும் வந்தன.

முதல் கல்யாணம் நினைவிருக்கிறதா? கிள்ளானில், உன் ஒன்றுவிட்ட அண்ணன் கல்யாண விருந்து. தரை முழுக்கப் பொம்பளைகள், கொண்டைப் பூ உதிர உதிர ஆடுகிறார்கள். பாட்டோ இறங்கிக்கொண்டே போகிறது. டிரம் நின்றது, பேஸ் தேய்ந்தது, கடைசியில் தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. நான் வியர்த்துப்போய் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீதான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "லூசு, பொடவையில எங்கடி பாக்கெட் இருக்கு?"

உண்மைதான். ஆடிக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசி எல்லாம் கைப்பைக்குள் இருந்தது. பதினைந்து கைப்பையும் மூலை மேசையில், ஓர் ஆன்டியின் பாதுகாப்பில், அசையாமல் கிடந்தன. மண்டபமே தூங்கிவிட்டது என்று என் புரோகிராம் முடிவு கட்டியிருந்தது. நீயும் நானும் எப்போதும் ஜீன்ஸ். தமிழ்க் கல்யாணத்துக்கென்று ஒன்றைச் செய்துவிட்டு, புடவையை மறந்துவிட்டோம்.

நீ நேரே அந்த ஆன்டியிடம் போனாய். "ஆன்டி, நீங்க போய் ஆடுங்க."

"அப்புறம் பேக்க யாரு ஜாகா பண்றது?"

"நான் பண்றேன் லா."

அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, பதினைந்து கைப்பையையும் மடியிலும் தோளிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே முழங்காலை ஆட்ட ஆரம்பித்தாய். பதினைந்து பேர் ஒரே சீராகக் குதிப்பதாகப் புரோகிராம் நம்பிவிட்டது. அன்று மண்டபம் ஆடிய ஆட்டத்தைக் கிள்ளானில் இன்னும் சொல்கிறார்கள். மறுநாள் உனக்கு முழங்கால் மடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு குலுக்கலை விட்டுவிட்டுத் தட்டலுக்கு மாறினோம். கைப்பேசித் திரையில் பெயரைப் போட்டு, விரலால் தட்ட வேண்டும். அதுவும் உன் யோசனைதான். "ஆடாதவங்களும் சேரலாம். சாப்பாட்டு மேசையில ஒக்காந்துகிட்டு இருக்கிற தாத்தா கூட தட்டுவாரு," என்றாய். ஆளாளுக்குத் தட்டினால் தாளம் குழம்புமே என்று நான் ஒரு விதி சேர்த்தேன். யார் விடாமல் ஒரே சீராகத் தட்டுகிறார்களோ அவர்கள் பக்கம் இசை கொஞ்சம் சாயும். அந்த விதி ஒருநாள் என் கன்னத்தில் அறையும் என்று அப்போது தெரியாது.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். நீ கொஞ்சமும் அசரவில்லை. ஊசி குத்திய கையைக் காட்டி, "பாரு, பேட்டரி சார்ஜ் பண்ணிட்டு வந்திருக்கேன்," என்பாய். ஆனால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. இங்கே சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரி விழா. கூட்டம் கையைத் தூக்கிக் காத்திருக்கிறது, நீ 'விடு' அழுத்துகிறாய், அரை பீட் பிந்தி விழுகிறது. ஒரு தடவை என்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பிந்தியது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீ அதைப் பார்த்துவிட்டாய்.

காரில் திரும்பினோம். டோல் தாண்டிய பிறகு, "கை தூங்கிப்போச்சுடி. நான் அழுத்தறேன், அது எனக்கே லேட்டா தெரியுது," என்றாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன்னோடு பழகிய இருபத்தைந்து வருஷத்தில் நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த மாதம்தான் பிரிக்பீல்ட்ஸ். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களின் குடும்ப தினம், மதியம் மூன்று மணிக்கு. இன்னொரு தடவை யாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. கன்ட்ரோலரிலிருந்து வருவதைக் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் ஒரே ஒரு வரி எழுதினேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் எரியும். நீ சுகமாக அழுத்திக்கொண்டிரு, மண்டபத்தைக் கூட்டத்தின் விரல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைய இசை நம்முடைய எந்த நிகழ்ச்சியிலும் வராதது. எங்கோ ஒரு சாய்வு இருந்தது அதில், இடுப்பைத் தானாக இழுக்கிற சாய்வு. லிஃப்ட் பழுதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்த அங்கிள்மார்கள் கூட எழுந்து வந்தார்கள். நீ மேசைக்குப் பின்னால் நின்று ஒரு கையால் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தாய். இன்னொரு கை மேசைக்குக் கீழே இருந்தது. மரத்துப்போன கையை மறைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். உப்பில்லாத உன் சோற்றை நீயே கட்டிக் கொண்டுவந்திருந்தாய்.

"இன்னிக்கு நல்லா இருந்துச்சு, இல்ல?" என்றாய்.

"ஒன் கைதான்," என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். பிறகு சிரித்தாய், சோறு புரையேறும் அளவுக்கு. "சரி லா, சாப்பிடு," என்றாய். அதற்குப் பிறகு நீ இருந்தது நான்கே மாதம். தினமும் பேசினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

நேற்று கன்ட்ரோலர் வேலை செய்கிறதா என்று பார்க்க லேப்டாப்பில் செருகினேன். கடைசியாக இணைத்திருந்த நாளின் பதிவைத் திறக்கவா என்று புரோகிராம் கேட்டது. இவ்வளவு நாள் வெட்கத்தில் நான் தொடாத பதிவு அது. திறந்தேன்.

நீ அழுத்தியது எதுவும் இசைக்குப் போகவில்லையே தவிர, எல்லாம் பதிவாகியிருக்கிறது. தொடங்கி நான்காவது நிமிஷத்தில் 'விடு' என்று ஒரு தடவை. உடனே இன்னொரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. பிறகு ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றரை நிமிஷத்தில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் செய்தது தெரிந்துவிட்டது. நான் பத்தடி தள்ளி லேப்டாப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வரியில், பார்வையாளர் பட்டியலில் ஒரு புதிய பெயர் சேர்ந்திருக்கிறது. உன் பெயர். மறைக்கக்கூட இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு முழுசாகப் போட்டிருக்கிறாய்.

மேசைக்குக் கீழே இருந்த கையில் கைப்பேசி இருந்திருக்கிறது. நாற்பது நிமிஷம் தட்டியிருக்கிறாய், ஒரு நொடி விடாமல். ஒவ்வொரு தட்டும் அரை பீட் பிந்தித்தான் விழுந்திருக்கிறது. ஆனால் எல்லாத் தட்டும் ஒரே அளவு பிந்தி. அந்த மண்டபத்தில் உன்னைவிடச் சீராகத் தட்டியவர் யாருமில்லை. என் விதிப்படி புரோகிராம் உன் பக்கம் சாய்ந்து, உன் தாமதத்தை எடுத்துப் பேஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கிள்மார்களை எழுப்பிய அந்தச் சாய்வு உன்னுடையது. கன்ட்ரோலர் பொத்தான்களையும் இடையிடையே அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அது எதற்கு என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, எனக்காக.

கோபம் வந்தால் கொட்டித் தீர்க்கிறவள் நீ. பரிமாறத் தாமதமானதற்கே கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறாய். இதற்கு ஏன் சண்டை போடவில்லை? போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். உன்னைக் காப்பாற்றினேன் என்ற நினைப்போடு என்னை இருக்க விட்டுவிட்டுப் போய்விட்டாய். ஒன்றரை வருஷம் குற்ற உணர்ச்சியோடு அலைந்தேன், அதற்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருந்தது. நேற்று இரண்டும் சேர்ந்து உடைந்ததில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நன்றாக அழுதேன். ஏமாற்றியது தப்புதான். உன்னால் முடியாது என்று நான் நம்பியது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டுக்கும் மன்னித்துக்கொள்.

உன் கன்ட்ரோலரைத் துண்டித்த அந்த வரியைப் புரோகிராமிலிருந்து அழித்துவிட்டேன். சனிக்கிழமை சுங்கை வேயில் ஒரு பொங்கல் ஒன்றுகூடல், நம் புரோகிராமை ஓட்டக் கேட்டிருக்கிறார்கள். தொடக்கத் தாளமாக, பிரிக்பீல்ட்ஸில் நீ தட்டிய பதிவைக் கொடுத்திருக்கிறேன். இன்று மாலை சோதித்துப் பார்க்கும்போது, ஏற்பாட்டைக் கவனிக்கும் பெண் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று கூர்ந்து கேட்டாள். விவரமான பெண்.

"அக்கா, பேஸ் கொஞ்சம் லேட்டா விழுது. சரி பண்ணிடலாமா?"

"வேணாம்மா," என்றேன். "அவங்க அப்படித்தான் வாசிப்பாங்க."